குறைந்த செலவில் வீட்டு சர்வர்: ராஸ்பெர்ரி பையா, பழைய பெட்டியா?

கேள்வி (2025 நவம்பர் 8)

வீட்டில் நான்கு பேருடைய போன் படங்கள், கொஞ்சம் சினிமா, கணக்கு வழக்கு ஃபைல்கள். மாதச் சந்தா கட்டி அலுத்துவிட்டது. ராஸ்பெர்ரி பை 5 வாங்கி ஒரு யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் மாட்டினால் வேலை முடிந்தது, இதைவிட மலிவாக எதுவும் கிடையாது என்பது என் எண்ணம். கையில் பழைய டெஸ்க்டாப் ஒன்று சும்மா கிடக்கிறது, அது கரண்டைத் தின்றுவிடும் என்கிறார்கள். மென்பொருள் என்ன போடுவது என்றும் தெரியவில்லை.

பதில் (நவம்பர் 8, இரவு)

பை போர்டு மட்டும்தான் மலிவு. பை 5க்கு 5 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர் வேண்டும், வீட்டில் கிடக்கும் போன் சார்ஜர்கள் பெரும்பாலும் அதைத் தராது. அப்புறம் ஒரு கேஸ், ஒரு ஃபேன், எஸ்டி கார்டு. எஸ்டி கார்டில் சர்வரை ஓயாமல் ஓட்டினால் எழுதி எழுதியே அது தேய்ந்துபோகும் என்று கொஞ்ச நாளில் தெரிந்து, எஸ்எஸ்டி மாட்ட தனியாக ஒரு சிறு போர்டு. 3.5 அங்குல டிஸ்க் என்றால் தனிக் கரண்ட் உள்ள டப்பா. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். கூட்டிய தொகைக்கு ரேம், எஸ்எஸ்டி, அடாப்டர் எல்லாம் உள்ளேயே இருக்கும் ஒரு செகண்ட் ஹேண்ட் மினி பிசி வந்துவிடும்.

பையை நான் குறை சொல்லவில்லை, எனக்குப் பிடித்த சாமான்தான். சினிமாவைப் போனுக்கு ஏற்ற மாதிரி அந்த நேரத்திலேயே மாற்றித் தரும் வேலை மட்டும் அதற்கு ஒத்துவராது. பை 5இல் வீடியோவை என்கோட் செய்ய வன்பொருளே கிடையாது, முழுப் பாரமும் பிராசஸர் தலையில் விழும்.

யாராவது பை 3ஐச் சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் ஃபைல் சர்வராக ஆக்காதீர்கள். 3பி பிளஸில் கிகாபிட் போர்ட் என்று எழுதியிருக்கும், அது யூஎஸ்பி 2 வழியாகப் போவதால் 300 மெகாபிட் பக்கத்திலேயே நின்றுவிடும். முழுக் கிகாபிட்டும் யூஎஸ்பி 3உம் 2019இல் பை 4 வந்தபோதுதான் கிடைத்தன. பை 3இல் விளம்பரத்தைத் தடுக்கும் பை-ஹோல் போட்டால் போதும், அதற்கு அது தாராளம்.

நவம்பர் 9

டெஸ்க்டாப் விஷயத்துக்கு வருகிறேன். "கரண்டைத் தின்னும்" என்று சொல்கிறவர்களிடம் எத்தனை வாட் என்று கேளுங்கள், பாதிப் பேர் பிராசஸர் அட்டையில் போட்டிருக்கும் 65 வாட்டைச் சொல்வார்கள். அது முழு மூச்சில் வேலை செய்யும்போது வெளியாகும் சூட்டுக்கான கணக்கு. வீட்டு சர்வர் நாளில் பெரும்பகுதி சும்மாதான் இருக்கும், ஆகவே சும்மா இருக்கும்போது எத்தனை வாட் இழுக்கிறது என்பதுதான் பில்லைத் தீர்மானிக்கும்.

கணக்கு சுலபம். ஒரு வாட் ஒரு வருடம் முழுக்க ஓடினால் 8.76 யூனிட். 12 வாட் மினி பிசி என்றால் 105 யூனிட், 60 வாட் பழைய பெட்டி என்றால் 525 யூனிட். வித்தியாசத்தை உங்கள் ஊர்க் கட்டணத்தால் பெருக்கினால், புதுப் பெட்டி வாங்கிய காசு எத்தனை வருடத்தில் திரும்பும் என்று தெரிந்துவிடும். பல வீடுகளில் அது நான்கைந்து வருடம் ஆகும். அதற்குள் அந்தப் பெட்டியே பழசாகியிருக்கும்.

சுவர் பிளக்கில் செருகி அளக்கும் வாட் மீட்டர் ஒன்றை இரவல் வாங்குங்கள். அளப்பதற்கு முன் கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கழற்றுங்கள். டிவிடி டிரைவையும்.

நவம்பர் 9, சற்று நேரம் கழித்து

இன்னொன்று: பவர் சப்ளை. "80 பிளஸ்" முத்திரைக்கான சோதனை 20, 50, 100 சதவீதச் சுமையில் நடப்பது, டைட்டானியம் தரத்துக்கு மட்டும் 10 சதவீதத்திலும் பார்ப்பார்கள். 500 வாட் சப்ளையில் 25 வாட் இழுத்தால் 5 சதவீதம். அந்த இடத்தில் அது எவ்வளவு வீணாக்குகிறது என்று முத்திரை எதுவும் சொல்லாது. நிறுவனங்கள் அலுவலகங்களுக்கென்று செய்த டெஸ்க்டாப்களில் 200 வாட் அளவில் சின்ன சப்ளை இருக்கும். கேமிங் பெட்டியைச் சர்வராக்குவதைவிட அந்த அலுவலகப் பெட்டி இந்த ஒரு காரணத்துக்காகவே நல்லது.

நவம்பர் 11

"சரி, வாங்குவதானால் எதை?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்க இதைவிட நல்ல நேரம் அமையாது. அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 பெரும்பாலும் இன்டெல் 8ஆம் தலைமுறைக்குக் கீழே ஏற்காது. ஆக அலுவலகங்கள் 6, 7ஆம் தலைமுறைப் பெட்டிகளைக் கூட்டம் கூட்டமாக வெளியே தள்ளுகின்றன. லினக்ஸுக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது. லெனோவோ திங்க்சென்டர் டைனி, டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்பி எலைட்டெஸ்க் மினி, மூன்றும் ஒரே அச்சு, ஒரு லிட்டர் அளவு. எந்த பிராண்ட் என்று ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், நல்ல நிலையில் கிடைப்பதை எடுங்கள்.

6ஆ 7ஆ என்றால் 7. 10 பிட் எச்இவிசி வீடியோவை வன்பொருளிலேயே பிரிக்கும் வசதி அதில்தான் முழுதாக வந்தது, இன்றைய 4கே படங்களில் நிறைய அந்த வகை. 8ஆம் தலைமுறை கைக்கு எட்டினால் இன்னும் நல்லது. ஐ5-8500டி போன்றவற்றில் ஆறு கோர், 35 வாட் ரகம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது: அடாப்டர் கூடவே வருகிறதா (இவற்றின் அடாப்டர் முனை கம்பெனிக்குக் கம்பெனி வேறு), பயாஸில் (பெட்டி எழும்போதே திறக்கும் அடிப்படை செட்டிங் திரை) பாஸ்வேர்டு போட்டு வைத்திருக்கிறார்களா, 2.5 அங்குல டிஸ்க் வைக்கும் தட்டு உள்ளே இருக்கிறதா. இந்தத் தட்டை எல்லோரும் தொலைத்துவிடுவார்கள், எங்கே போகிறதோ. ரேம் எவ்வளவு போட்டு விற்கிறார்கள் என்பதையும் இப்போது கவனியுங்கள், புது ரேம் விலை ஏறிக்கொண்டிருக்கிறது, 8 ஜிபியோடு வரும் பெட்டி 4 ஜிபியோடு வருவதைவிட நிஜமாகவே மலிவு.

புதுசுதான் வேண்டும் என்றால் இன்டெல் என்100. 2023இல் வந்தது, நான்கு சின்ன கோர், 6 வாட் ரகம், ஏவி1 வீடியோவைக்கூடப் பிரிக்கும். பெயர் தெரியாத கம்பெனிகள் நூறு பேர் இதை வைத்து டப்பா விற்கிறார்கள். பயாஸ் அப்டேட் எங்கிருந்து வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நவம்பர் 12

பழைய லேப்டாப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். தாராளமாகப் போடலாம். சும்மா இருக்கும்போது குறைவாகத்தான் இழுக்கும், திரையும் கீபோர்டும் கூடவே இருக்கின்றன, கரண்ட் போனால் பேட்டரி தாங்கும். தனி யூபிஎஸ் செலவு மிச்சம். மூடியை மூடினால் தூங்கிவிடாதபடி செட்டிங்கை மாற்றுங்கள்.

ஆனால் எந்நேரமும் பிளக்கில், நூறு சதவீதத்தில், சூட்டில் கிடக்கும் பேட்டரி நாளடைவில் உப்பும். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்தால் அதுதான் அறிகுறி, உடனே கழற்றிவிட வேண்டும், ஊசியால் குத்திப் பார்க்கிற வேலையெல்லாம் கூடாது. சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி பல மாடல்களில் உண்டு, லினக்ஸில் டிஎல்பி என்ற சின்ன மென்பொருள் வழியாகவும் செய்யலாம். அந்த வசதி இல்லாத லேப்டாப்பைப் படுக்கையறை அலமாரிக்குள் வைத்து இரவு பகலாக ஓட்டுவதை நான் விரும்ப மாட்டேன்.

நவம்பர் 15

டிஸ்க். இதைப் பற்றித்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும், எல்லோரும் பிராசஸரைக் கேட்பதால் பேச்சு அங்கே போய்விடுகிறது. பெட்டி எவ்வளவு பழசாகவும் இருக்கலாம். போனால் இன்னொரு பெட்டி, அரை நாள் வேலை. டிஸ்க் போனால் படங்கள் போச்சு. மிச்சம் பிடிக்கும் காசு முழுக்க டிஸ்கில் போட வேண்டும், பெட்டியில் அல்ல.

டிஸ்க் வாங்கும்போது எஸ்எம்ஆரா சிஎம்ஆரா என்று பாருங்கள். எஸ்எம்ஆர் டிஸ்கில் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறி இருக்கும், சிஎம்ஆரில் தனித்தனியாக இருக்கும். நடுவில் ஒரு இடத்தில் திருத்தி எழுத வேண்டுமானால் பக்கத்துத் தடங்களையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கும், அதனால் தொடர்ந்து நிறைய எழுதும்போது வேகம் படுத்துவிடும். 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் 2 டிபி முதல் 6 டிபி வரை உள்ள சில மாடல்களில் சொல்லாமலேயே எஸ்எம்ஆர் போட்டிருந்தது வெளியே வந்து பெரிய ரகளை ஆனது, குறிப்பாக இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் ரெய்டை (பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் முறை) திரும்பக் கட்டும்போது மாட்டிக்கொண்டவர்கள் சும்மா விடவில்லை. அதற்குப் பிறகுதான் சிஎம்ஆருக்கு "ரெட் பிளஸ்" என்று தனிப் பெயர் வந்தது. படத்தையும் சினிமாவையும் ஒரு தடவை கொட்டிவிட்டுப் படித்துக்கொண்டிருப்பவருக்கு எஸ்எம்ஆர் கெட்டதில்லை. ரெய்டு போடுபவருக்கு ஆகாது.

இங்கே 11ஆம் தேதி சொன்னதைத் திருத்த வேண்டியிருக்கிறது. மினி பிசிக்குள் 2.5 அங்குல டிஸ்க் ஒன்றுதான் போகும், அந்த அளவில் பெரிய கொள்ளளவு ஹார்ட் டிஸ்க் என்றால் கிட்டத்தட்ட எல்லாமே எஸ்எம்ஆர். ஒரு டிபி, இரண்டு டிபி போதும் என்றால் எஸ்எஸ்டி போட்டுவிட்டு மினியோடு நிம்மதியாக இருங்கள். அதற்கு மேல் என்றால் அதே கம்பெனிகளின் கொஞ்சம் பெரிய எஸ்எஃப்எஃப் டெஸ்க்டாப்தான் சரி. 3.5 அங்குல டிஸ்க் ஒன்று உள்ளேயே போகும், சிலவற்றில் இரண்டு. யூஎஸ்பி டப்பா, தனி அடாப்டர், நடுராத்திரியில் தானாகக் கழன்றுகொள்ளும் டிஸ்க் என்ற தொல்லைகள் இருக்காது. பரிந்துரையை மாற்றுகிறேன்: நான்கு பேர் படமும் சினிமாவும் என்றால் மினியைவிட எஸ்எஃப்எஃப்.

வேகத்துக்காகக் கூடுதல் செலவு எதுவும் வேண்டாம். கிகாபிட் ஒயரில் நொடிக்கு 110 எம்பி பக்கம்தான் போகும், சாதாரண 3.5 அங்குல டிஸ்க் ஒன்றே பெரிய ஃபைல்களில் அதைத் தாண்டும். சர்வரை வைஃபையில் மட்டும் போடாதீர்கள். ரவுட்டர் பக்கத்திலேயே வைத்து ஒயரால் இணையுங்கள்.

நவம்பர் 16

ரெய்டு வேண்டாமா என்று மூன்று பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். உட்காருங்கள்.

இரண்டு டிஸ்க் வாங்கக் காசு இருந்தால் இரண்டாவதை ரெய்டில் போடாமல் பேக்கப்புக்கு வையுங்கள், அதுவும் வேறு இடத்தில். ரெய்டில் ஒரு ஃபைலை அழித்தால் இரண்டு டிஸ்கிலும் ஒரே நொடியில் அழிந்துவிடும். பவர் சப்ளை வெடித்தால் இரண்டும் சேர்ந்து போகும். ரெய்டு தருவது தடையில்லாத சேவை. ஒரு நாள் சினிமா ஓடவில்லை என்றால் வீட்டில் என்ன நஷ்டம்? (குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்தக் கேள்வியை நான் திரும்பப் பெறுகிறேன்.)

மூன்று டிஸ்க் வாங்க முடிந்தவருக்குக் கதை வேறு. இரண்டை இசட்எஃப்எஸ் அல்லது பிடிஆர்எஃப்எஸ்ஸில் ஜோடியாக்கினால், ஒவ்வொரு துண்டுக்கும் செக்சம் (தரவு கெட்டதைக் காட்டிக்கொடுக்கும் எண்) இருப்பதால் ஒன்றில் கெட்டுப்போனதை மற்றதிலிருந்து தானாகச் சரிசெய்துகொள்ளும். பத்து வருடம் திறக்காமல் கிடக்கும் படங்களுக்கு அது பெரிய விஷயம். பிடிஆர்எஃப்எஸ்ஸில் ஜோடி மட்டும், ரெய்டு 5, 6 வேண்டாம், அதைச் செய்தவர்களே இன்னும் பரிந்துரைப்பதில்லை.

வேறுவேறு அளவில் பழைய டிஸ்குகள் கிடந்தால் மெர்ஜர்எஃப்எஸ் (எல்லாவற்றையும் ஒரே டிஸ்காகக் காட்டும்), ஸ்நாப்ரெய்டு (ஒன்று போனால் மீட்க உதவும்) ஜோடி அழகாக ஓடும். அடிக்கடி மாறாத சினிமா ஃபைல்களுக்கு அது போதும்.

நவம்பர் 20

மென்பொருள். எழுதத் தொடங்கி இரண்டு தடவை அழித்துவிட்டேன், ஏனென்றால் இதில் ஆளாளுக்கு ஒரு மதம்.

என் வழி வெறும் டெபியன் லினக்ஸ். டெபியன் 13 ஆகஸ்டில் வந்தது, நீண்டகால ஆதரவையும் சேர்த்து ஐந்து வருடம் தொட வேண்டாம். கவனம், 32 பிட் பெட்டிகளுக்கு 13இல் இன்ஸ்டாலர் கிடையாது, அவ்வளவு பழசு என்றால் விட்டுவிடுங்கள், அந்தக் காலப் பெட்டிதான் உண்மையில் கரண்டைத் தின்னும்.

கறுப்புத் திரையைப் பார்த்தால் பயம் என்றால் ஓபன்மீடியாவால்ட். அதுவும் டெபியன்தான், மேலே ஒரு வெப் பக்கம். அதன் 7ஆம் பதிப்பு டெபியன் 12 மேல் ஓடுகிறது. ட்ரூநாஸ் நல்ல சாமான், ஃப்ரீநாஸ் என்ற பெயரில் 2005இலேயே தொடங்கியது, முன்பு ஃப்ரீபிஎஸ்டி, இப்போது லினக்ஸ். ஆனால் பூட் டிஸ்கை முழுசாகத் தனக்கே எடுத்துக்கொள்ளும், ஒற்றை எஸ்எஸ்டி உள்ள சின்னப் பெட்டிக்கு அது ஆடம்பரம். அன்ரெய்டுக்குக் காசு கட்ட வேண்டும், தலைப்பிலேயே குறைந்த செலவு என்று இருக்கிறது.

பிராக்ஸ்மாக்ஸ்? நானும் கொஞ்ச காலம் ஓட்டினேன். ஒரே பெட்டிக்குள் பல பெட்டிகளை உண்டாக்கி விளையாட அருமையானது. நான்கு ஃபைல் சேவைக்கு அது தேவையில்லை, விலை குறைந்த எஸ்எஸ்டியில் ஓயாமல் லாக் எழுதிக்கொண்டும் இருக்கும். கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் போடுங்கள், அது தனிக் காரணம்.

இசட்எஃப்எஸ்ஸுக்கு ஒரு டிபிக்கு ஒரு ஜிபி ரேம் வேண்டும் என்ற பழைய வாக்கியத்தை இங்கேயும் ஒருவர் ஒட்டியிருக்கிறார். டிடூப் வசதியை (ஒரே தரவு பல தடவை இருந்தால் ஒன்றை மட்டும் வைப்பது) இயக்கினால்தான் ரேம் அப்படிப் பறக்கும், வீட்டில் அதை இயக்காதீர்கள். மற்றபடி காலியாக இருக்கும் ரேமை அது கேஷாக எடுத்துக்கொண்டு தேவை வந்தால் விட்டுத்தரும். 8 ஜிபியில் வீட்டு வேலை நன்றாகவே ஓடும்.

நவம்பர் 23

படங்களுக்கு இம்மிச். போனிலிருந்து தானாக ஏற்றும், முகம் பார்த்துத் தேடும். 2.0 பதிப்பு அக்டோபரில் வந்தபோதுதான் அவர்களே "நிலையானது" என்று சொன்னார்கள், அதுவரை இதை மட்டும் நம்பிப் படங்களை வைக்காதீர்கள் என்று பக்கத்தின் மேலேயே எழுதியிருந்தார்கள். நேர்மையான ஆட்கள். முகம் தேடும் வேலைக்கு ரேம் வேண்டும், முதல் தடவை பழைய படங்களைக் கொட்டும்போது பெட்டி மூச்சு வாங்கும், இரவில் விட்டுவிட்டுத் தூங்குங்கள்.

சினிமாவுக்கு ஜெல்லிஃபின். எம்பி (Emby) என்ற சினிமா சர்வர் மூடிய மென்பொருளாக மாறியபோது 2018 டிசம்பரில் பிரிந்து வந்தது, இன்றுவரை எந்த வசதிக்கும் காசு கேட்பதில்லை.

கணக்கு ஃபைல்களுக்கு நெக்ஸ்ட்கிளவுடா என்று கேட்டிருந்தீர்கள். முழு அலுவலகமும் வேண்டும் என்றால் சரி, காலண்டர், தொடர்புகள் எல்லாம் வரும். வெறும் ஃபைல் ஒத்திசைவுக்கு அது பெரிய சுமை, சிங்திங் போதும். ஆண்ட்ராய்டில் சிங்திங்கின் அதிகாரப்பூர்வ செயலி 2024 கடைசியில் நின்றுவிட்டது, அதிலிருந்து பிரிந்து வந்த ஒன்றைத்தான் போட வேண்டும். வீட்டுக்குள் மட்டும் போதும் என்றால் சாம்பாவில் ஒரு ஷேர்டு ஃபோல்டர், முடிந்தது கதை. வீட்டில் மற்றவர்கள் நிஜமாகப் பயன்படுத்துவது கடைசியில் அந்த ஃபோல்டரைத்தான்.

எல்லாவற்றையும் டாக்கரில் (ஒவ்வொரு மென்பொருளையும் தனித்தனியாக அடைத்து ஓட்டும் வசதி) போடுங்கள், எதை எப்படி ஓட்டுவது என்று எழுதியிருக்கும் கம்போஸ் ஃபைலைப் பேக்கப் எடுங்கள். பெட்டி செத்தால் அந்த ஒரு ஃபைலும் தரவு ஃபோல்டரும் போதும், வேறு பெட்டியில் எழுந்து உட்காரும்.

நவம்பர் 24

வெளியிலிருந்து எப்படி அணுகுவது என்ற கேள்வி வரும் என்று தெரியும். ரவுட்டரில் போர்ட் திறந்து ஜெல்லிஃபினையோ இம்மிச்சையோ நேராக உலகத்துக்குக் காட்டாதீர்கள். வயர்கார்டு விபிஎன் வழியாக வாருங்கள். 2020 மார்ச்சில் லினக்ஸ் கெர்னல் 5.6இலேயே சேர்ந்துவிட்டது, பழைய பெட்டிக்கும் சுமையில்லை.

அதற்கு முன் ரவுட்டரில் உங்கள் வெளி முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் இணைய நிறுவனம் பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது, போர்ட் திறந்தாலும் எதுவும் வந்து சேராது. ஐபிவி6 இருந்தால் அந்த வழி உண்டு, இல்லாவிட்டால் டெயில்ஸ்கேல் மாதிரி ஒன்று. அதற்குள்ளும் வயர்கார்டுதான் ஓடுகிறது.

டாக்கர் பற்றி ஒரு எச்சரிக்கை: யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் மூடி வைத்த போர்ட்டை டாக்கர் உங்களைக் கேட்காமல் திறந்துவிடும், அதன் விதிகள் யூஎஃப்டபிள்யூவைத் தாண்டிப் போகின்றன. அந்தப் பெட்டிக்குள் மட்டும் தேவைப்படும் சேவையை 127.0.0.1இல் கட்டிவையுங்கள்.

டிசம்பர் 1

பேக்கப் பற்றிப் பேச்சையே காணோம். சுவாரசியமில்லாத விஷயம், தெரியும்.

2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லேப்பில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். பேக்கப்புக்கு அவர்களிடம் ஐந்து வழி இருந்தது, எதுவும் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கவில்லை. ஒன்று மென்பொருள் பதிப்பு பொருந்தாமல் எப்போதோ நின்றிருந்தது, அதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. யாரோ வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும் இடத்திலேயே இப்படி.

வீட்டுக்கு ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருள் போதும். பூட்டி, சுருக்கி, மாறியதை மட்டும் எடுக்கும். வெளி டிஸ்க் ஒன்று, அதை வாரம் ஒருமுறை மாட்டி, எடுத்து, உறவினர் வீட்டில் வையுங்கள். நடுநடுவே ஏதாவது ஒரு ஃபோல்டரைத் திரும்ப எடுத்துத் திறந்து பாருங்கள். ரெஸ்டிக்கின் பாஸ்வேர்டு சர்வருக்குள் மட்டும் இருந்தால் பேக்கப் இருந்தும் இல்லாத மாதிரிதான், தாளில் எழுதி வையுங்கள்.

டிசம்பர் 6

கேள்வி கேட்டவர் மீட்டர் வாங்கி அளந்து பார்த்துவிட்டார். சும்மா இருக்கும்போது 51 வாட், கிராபிக்ஸ் கார்டைக் கழற்றியதும் 29. 6ஆம் தலைமுறை ஐ5, 8 ஜிபி.

அப்படியென்றால் எதுவும் வாங்காதீர்கள். பை 5ஐ டிஸ்கோடு ஓட்டினாலும் பத்து வாட்டுக்கு மேல் வரும். வித்தியாசம் இருபதுக்குள், வருடத்துக்கு 170 யூனிட் சொச்சம். பையும் அதன் பரிவாரமும் வாங்கும் காசில் நல்ல டிஸ்க் ஒன்று வரும், அதை வாங்குங்கள். 29ஐயும் இன்னும் இறக்கலாம்: பயாஸில் சி-ஸ்டேட் (பிராசஸர் தூங்கும் நிலைகள்) எல்லாம் இயங்குகிறதா என்று பாருங்கள், கரண்டை மிச்சம் பிடிக்க உதவும் பவர்டாப் மென்பொருளை ஒருமுறை ஓட்டுங்கள். கூடுதல் டிஸ்க் மாட்ட சாட்டா கார்டு செருகுவதாக இருந்தால் சிப் என்ன என்று கேட்டு வாங்குங்கள், ஜேஎம்பி585 உள்ள கார்டுகள் பிராசஸரை ஆழ்ந்து தூங்க விடாமல் பிடித்துக்கொள்ளும்.

பயாஸைத் திறந்த கையோடு, கரண்ட் போய் வந்தால் தானாக இயங்கும் செட்டிங்கையும் போட்டுவிடுங்கள். மதர்போர்டின் நாணயப் பேட்டரியையும் மாற்றுங்கள். அது செத்திருந்தால் கரண்ட் போகும்போதெல்லாம் அந்த செட்டிங்கே மறந்துபோகும், கடிகாரமும் பின்னால் போகும், சான்றிதழ் தேதி பொருந்தாமல் எந்தத் தளமும் திறக்காது, காரணம் புரியாமல் இரவெல்லாம் நெட்வொர்க்கைக் குடைவீர்கள்.

டிசம்பர் 9

ஆளில்லாத நேரத்தில் டிஸ்கைச் சுற்றாமல் நிறுத்தி வைக்கலாமா? சினிமா டிஸ்க் என்றால் ஒரு மணி நேரம் யாரும் தொடாவிட்டால் நிறுத்தலாம், ஐந்து வாட் மிச்சம். இம்மிச் போட்ட டிஸ்க் வேண்டாம், அது எதையாவது கிளறிக்கொண்டே இருக்கும். பத்து நிமிடத்துக்கொருமுறை எழுப்பித் தூங்கவைத்தால் மிச்சம் பிடித்த கரண்டைவிட டிஸ்கின் தேய்மானம் அதிகம். டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அட்டவணையில் 193ஆம் எண் (டிஸ்கின் தலை எத்தனை தடவை ஒதுங்கித் திரும்பியது) மளமளவென்று ஏறுகிறதா என்று ஒரு வாரம் பாருங்கள், ஏறினால் நேரத்தைக் கூட்டுங்கள். கெட்டுப்போன இடங்களை எண்ணும் 5, 197 இரண்டும் பூஜ்யத்திலேயே இருக்க வேண்டும். 197 ஏறினால் அன்றைக்கே பேக்கப்பைச் சரிபார்த்துவிட்டு அடுத்த டிஸ்க் வாங்குங்கள்.